நாற்பத்தொன்றாம் கல்

“ஏலே சிவசைலம், கல்லு முன்ன எங்கன இருந்துச்சோ அங்கனயே கொண்டு போயி வைங்கலே. இப்பமே வைங்க.”

“மதினி, வாயை அளந்து பேசுங்க. சாமியைப் போயி கல்லுங்கீங்க.”

“கல்லுதான். நெஞ்சுல நம்பர் வெட்டியிருக்கு. நம்பர் வெட்டுன சாமி எந்தச் சீமையில இருக்கு?”

“அந்த நம்பருக்குத்தான் வருசா வருசம் பொங்கல் வச்சீங்க. தோட்டம் போவுதுன்ன உடனே கல்லாயிட்டாரோ?”

“ஆமா, ஆயிட்டாரு. தோட்டம் திரும்பி வந்தா மறுபடியும் சாமியாக்கிக்கிடுதேன்.”

மூக்கம்மாள் கையில் களைக்கொத்தியோடு நின்றாள். களை பறித்துக்கொண்டிருந்தவள் அப்படியே ஓடி வந்திருந்தாள். சிவசைலம் கல்லுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கோழிக்குஞ்சைப் பருந்திடமிருந்து மறைக்கிறவன் மாதிரி நின்றான். இவன் அவள் புருஷனின் தம்பி. புருஷன் காய்ச்சலில் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை இந்த இரண்டு பேரும் சத்தம் போட்டுப் பேசி ஊர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அடுத்த வீட்டுக்காரி எனக்குத் தெரியாமல் இருக்குமா?

இருவருக்கும் நடுவில் தரையில் சர்வேச் சங்கிலி கிடந்தது. சர்வேயர் நாறும்பூநாதன் குடையை விரித்துக்கொண்டு, சண்டை முடியட்டும் என்று காத்திருந்தார். முடிவதாகத் தெரியவில்லை. “சரிடே, உக்காந்துக்கிடுங்க” என்று சங்கிலிக்காரர்களிடம் சொல்லிவிட்டு அவரும் ஒரு வேரில் உட்கார்ந்தார்.

நடந்தது இவ்வளவுதான். காலையில் சர்வேயர் அந்தக் கல்லிலிருந்து சங்கிலி பிடித்துச் சிவப்புக் கொடிகளை வரிசையாக நட்டுக்கொண்டே போனார். கொடி வரிசைக்கு மேற்கே சர்க்கார் காடு, கிழக்கே ஊர். நட்டு முடித்துத் திரும்பிப் பார்த்தால் எங்கள் பத்தொன்பது வீடும், வீட்டுக்கு மேலே உள்ள தோட்டங்களும், கிணறும், சுடுகாடும் மேற்கே நின்றன. கிழக்கே நின்றது ஒரு மருதமரம் மட்டும்தான்.

எங்கள் ஊர் எது என்று கேட்பீர்கள். பழைய குற்றாலத்துக்குத் தெற்கே மூன்று மைல், நெடும்பொத்தை. சீசனுக்குக் குளிக்க வருகிறவர்கள் எவரும் வழி தவறினாலொழிய முன்பெல்லாம் அந்தப் பக்கம் வந்ததில்லை. வடக்கே ஒரு பள்ளம்; மழைக்காலத்தில் அதைத் தாண்ட முடியாது, வெயில்காலத்தில் தாண்ட வேண்டிய அவசியம் கிடையாது. தெற்கே பொத்தை, மரமில்லாத கருங்கல் குன்று. ஊர்ப் பெயரில் இருப்பது அதுதான். கிழக்கே ஆயிரப்பேரிக்குப் போகிற வண்டித்தடம், அதைப் பிடித்தால் தென்காசி. மேற்கே மலை. மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் திருவாங்கூர் மகாராஜா சீமை. இங்கே சாராயம் காய்ச்சிப் பிடிபடப் போகிறவர்கள் அங்கே போய்விடுவார்கள், அங்கே சந்தனக்கட்டை வெட்டினவர்கள் இங்கே வந்துவிடுவார்கள். இரண்டு சர்க்காருக்கும் எங்கள் மேல் ஒரே அபிப்பிராயம்தான்.

ஊரின் சரித்திரமும் நீளமானது இல்லை. தாது வருஷப் பஞ்சத்தில் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஏழு குடும்பம் கிழங்கு தோண்டித் தின்ன மலையடிக்கு வந்தது. பஞ்சம் முடிந்தும் திரும்பவில்லை. திரும்பாததற்கு ஆளுக்கொரு பெருமையான காரணம் சொல்வார்கள். எங்கள் குடும்பத்துக் காரணம், அங்கே நாங்கள் கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர்கள் அதிகம் இருந்தார்கள் என்பது. காட்டை வெட்டி எலுமிச்சை வைத்தோம், கம்பு விதைத்தோம். பட்டா என்று ஒரு காகிதம் எவரிடமும் கிடையாது.

பிறகு ஒரு வெள்ளைக்காரத் துரை குதிரையில் வந்தான். ஜெர்மன் தேசத்தில் காட்டைப் பற்றியே ஒரு படிப்பு உண்டாம், அதைப் படித்துவிட்டு வந்தவனாம். அங்கே மரத்துக்கு மரம் கணக்கு, காட்டுக்கும் ஊருக்கும் நடுவில் கோடு. அதே மாதிரி இங்கேயும் மலைச்சரிவில் வரிசையாகக் கல் நட்டுக்கொண்டு போனான். இடுப்பு உயரக் கருங்கல், ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். எங்களுக்கு மேலே, ஓடைக் கரையில் வந்து விழுந்தது நாற்பத்தொன்று. “கல்லுக்குக் கீழே நீங்கள், கல்லுக்கு மேலே சர்க்கார்” என்று சொல்லிவிட்டுப் போனான். எங்களுக்கு அந்தப் பேச்சுதான் பட்டா.

முதல் கொஞ்ச வருஷம் ஆடுகள் அதில் முதுகு சொறிந்தன. பிறகு செங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்த ஒருவர் நம்பரை வாசித்தார். நாற்பத்தொன்று. சாஸ்தாவுக்கு மாலை போட்டால் எத்தனை நாள் விரதம்? நாற்பத்தொரு நாள், ஒரு மண்டலம். வெள்ளைக்காரன் அறியாமலேயே சாஸ்தா தன் விரதக் கணக்கைக் கல்லில் எழுத வைத்திருக்கிறார் என்று ஊர் முடிவு செய்தது. நாற்பதும் நாற்பத்திரண்டும் வெறும் கல்லாக நின்றன. நாற்பத்தொன்றுக்குச் சந்தனம் பூசினார்கள், மண்டலச் சாஸ்தா என்று பெயர் வைத்தார்கள். பங்குனி உத்திரத்துக்கு எல்லோரும் அவரவர் சாஸ்தா கோயிலுக்கு வண்டி கட்டுவார்கள். நாங்கள் ஓடைக் கரைக்கு நடந்து போனோம். வண்டிக் கூலி இல்லாத சாமி.

ஸ்ரீமுக வருஷம் ஐப்பசியில் மலையே கரைந்து வருகிற மாதிரி ஒரு வெள்ளம். நாற்பதாம் கல்லை அடித்துக்கொண்டு போயிற்று. நாற்பத்திரண்டை மேலிருந்து சரிந்த மண் மூடியது. ஓடை தன் பழைய தடத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் இறங்கியது. நாற்பத்தொன்று மட்டும் கரையில் சாய்ந்துகொண்டு நின்றது. அடுத்த பங்குனி உத்திரத்தில் சிவசைலத்துக்கு அருள் வந்தது. ஊரில் சாமியாடி அவன்தான். “எனக்கு இங்கன ஈரம், நிழலுக்கு எறக்குங்க” என்றான். மேளம் அடித்தது. பன்னிரண்டு ஆண்கள் கல்லைத் தோண்டி, மூங்கில் கழியில் கயிறு பிணைத்துத் தூக்கினார்கள். முன்னால் சிவசைலம் ஆடிக்கொண்டே இறங்க, வீடுகளையெல்லாம் தாண்டி, ஊருக்குக் கிழக்கே மருதமரத்தடியில் கொண்டுவந்து நட்டார்கள். அந்தப் பன்னிரண்டில் எங்கள் வீட்டுக்காரரும் ஒருவர், முன்கழியில் வலது பக்கம். மூக்கம்மாள் புருஷன் அவருக்கு எதிர்ப்பக்கம். பொங்கல் பானைக்கு விறகு தள்ளியது மூக்கம்மாளும் நானும்.

மரத்தடிக்கு வந்ததும் சிவசைலம் விழுந்துவிட்டான். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். கண் திறந்து கல்லைப் பார்த்து, “யாரு கொண்டு வந்தா?” என்றான்.

எங்கள் வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. “யாரு கொண்டு வரணும்? ஒன் பொறவாலயே அவரா நடந்து வந்துட்டாரு” என்றார்.

எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான் என்றுதான் நினைத்தோம்.

அந்தப் பேச்சு எங்களுக்குப் பிடித்துப்போனது. ஆயிரப்பேரியில் சொன்னோம், தென்காசிச் சந்தையில் சொன்னோம். சீசனுக்கு வந்தவர்கள் இரண்டு பேர், நாலு பேர் என்று வண்டி வைத்துக்கொண்டு நடந்து வந்த கல்லைப் பார்க்க வந்தார்கள். ஏதோ ஒரு ஜமீன் வீட்டு அம்மாள் வெண்கல மணி வாங்கிக் கட்டினாள். நன்றாகச் சொல்கிறவள் மூக்கம்மாள்தான். கல் வருகிற வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கியதுகூட அவள் சேர்த்தது.

எட்டு வருஷம் ஓடியது. பர்மாவை ஜப்பான்காரன் பிடித்துவிட்டதால் அங்கிருந்து தேக்கு வராது என்றார்கள். யுத்தத்துக்கு மரம் வேண்டும். மலையில் இருக்கிற மரத்தை வெட்டு, வெட்டின இடத்தில் தேக்கு நடு என்று உத்தரவு. தேக்கு முற்ற அறுபது வருஷம். அதற்குள் யுத்தம் முடியாது என்று நினைத்தார்களோ, அடுத்த யுத்தத்துக்கு இப்போதே நடுகிறார்களோ, தெரியாது. எப்படியோ, காட்டை மறுபடியும் அளக்க நாறும்பூநாதன் வந்து சேர்ந்தார்.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. சண்டை ஓய்ந்ததும் மூக்கம்மாளைக் கூப்பிட்டுப் பொறுமையாகவே சொன்னார்: “இந்தா பாரம்மா, பழைய படத்தைக் கரையான் தின்னுட்டு. ஓடை எடம் மாறியிருக்கு. முன்னும் பின்னும் கல்லு இல்ல. இருக்கது இது ஒண்ணுதான். படம் தப்பா இருக்கலாம், கல்லு தப்பா இருக்காது. சட்டம் அப்படித்தான் சொல்லுது.”

“அய்யா, இது இங்கன இருந்த கல்லு இல்ல. தூக்கிட்டு வந்தது.”

நாறும்பூநாதன் குடையை மடக்கினார். “போன வருஷத்துக்கு முந்தின சீசன்ல எஞ் சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு இங்கன வந்தேன். தேங்காய் ஒடச்சுக் குடுத்தது நீதான? கல்லு நடந்து வந்துச்சு, வழியில ரெண்டு எடத்துல மூச்சு வாங்குச்சுன்னு சொன்னதும் நீதான. அவ இன்னைக்கு வரைக்கும் அதைச் சொல்லிக்கிட்டிருக்கா.”

மூக்கம்மாள் களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பினாள்.

ஆனால் அவருக்கும் மனம் உறுத்தியிருக்க வேண்டும். மேலே எழுதிப்போட்டார். திருநெல்வேலியிலிருந்து ஒரு அதிகாரி வந்து நேரில் விசாரிப்பார் என்று பதில் வந்தது. அதுவரை கொடி இருக்கட்டும், யாரும் பிடுங்கக் கூடாது என்றார்கள்.

மற்றவர்களுக்குப் போவது வீடும் கம்புக் கொல்லையும். மூக்கம்மாளுக்குப் போவது மகளின் கல்யாணம். ஒரே மகள், ஆவுடைத்தாய். சுரண்டையில் கடை வைத்திருக்கிற வீட்டில் பேசி முடித்திருந்தாள். எலுமிச்சைத் தோட்டத்தில் பாதியும் கிணற்றில் பாதியும் பெண்ணோடு வரும் என்பது பேச்சு. கொடி நட்ட செய்தி சுரண்டைக்குப் போய், “விசாரணை முடியட்டும், பொறவு முகூர்த்தம் பாப்போம்” என்று ஆள் வந்துவிட்டது. கடைக்காரர்கள் எடை போடாமல் எதையும் கட்டமாட்டார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் மூக்கம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் வீட்டுக்காரர் அவளைக் கண்டதும் கொல்லைப்புறம் போனார். அவருக்குத் தாகம், இருமல், மாட்டுக்கு வைக்கோல் எல்லாம் ஒரே சமயத்தில் வந்துவிட்டன.

“நாளைக்கு அண்ணாச்சி உள்ளதைச் சொல்லுவாருல்லா?” என்றாள்.

“அவரைத்தான் கேக்கணும்” என்றேன்.

“எல்லைக்கல்லை நவுத்துனா ஜெயிலாம். அதனால பயப்படுதாவ எல்லாரும்.”

“பயம் இருக்கத்தான செய்யும்.”

“ஒருத்தரும் வாயைத் தொறக்க வேண்டாம். சிவசைலத்தைச் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லப் போறேன். கிறுக்குப்பய, ஆனா கல்லு முன்னால பொய் சொல்லமாட்டான். எறக்கச் சொன்னது நாந்தான்னு அவன் சொல்லிட்டா, அதிகாரி எல்லைக்கோட்டை மேல தள்ளிப் போட்டுருவாரு.”

“அவனைப் புடிச்சுட்டுப் போயிருவாவளே.”

“போவட்டும். ஆறு மாசமோ ஒரு வருசமோ. பாளையங்கோட்டைக்கு நானே சோறு கட்டிக் கொண்டு போயிக் குடுக்கேன். எம் புருசன் இருந்தா அவரே முன்னால நின்னு நாந்தான் தூக்குனேன்னு சொல்லியிருப்பாரு.” கொல்லைப்புறம் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். மூக்குக்கண்ணாடி, மடக்கு நாற்காலி, எழுத ஒரு குமாஸ்தா. மருதமரத்தடியில் நாற்காலியைப் போட்டார்கள். ஊர் முழுக்கக் கூடியிருந்தது. கூடவே ஆயிரப்பேரியிலிருந்து, சம்பந்தமே இல்லாத ஒரு கூட்டம். குமாஸ்தா முதலில் சட்டத்தை வாசித்தார். காட்டெல்லைக் கல்லைத் தோண்டினாலும், நகர்த்தினாலும், மறைத்தாலும், அதற்கு உதவினாலும் சிறை. ‘உதவினாலும்’ என்ற இடத்தில் பன்னிரண்டு பேரில் உயிரோடு இருந்த பதினோரு பேரும் ஒரே மாதிரி தரையைப் பார்த்தார்கள்.

மூக்கம்மாள் முன்னால் வந்து, கல் இருந்த இடத்தையும் இறக்கின நாளையும் சொன்னாள். அதிகாரி, “இந்த நிலத்தில் உனக்குப் பாத்தியதை இருக்கிறதல்லவா?” என்றார். “இருக்கு, அதனாலதான் சொல்லுதேன்” என்றாள். அவர் குமாஸ்தாவைப் பார்த்தார், குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

“அய்யா, எம் பேச்சை நம்ப வேண்டாம்” என்றாள் அவள். “இந்தா நிக்கான் எங் கொழுந்தன். கல்லு முன்னால சூடத்தை அணைச்சுச் சொல்லட்டும். அவன் என்ன சொல்லுதானோ அதுக்கு நான் கட்டுப்படுதேன். ஊரும் கட்டுப்படட்டும்.”

அதிகாரிக்கு ஊர் வழக்கம் தெரிந்திருந்தது. “ஊருக்குச் சம்மதமா?” என்றார். சம்மதம் என்று பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் வந்தது. பயந்தவர்களுக்கெல்லாம் அது நல்ல வழியாகப் பட்டது. பேச வேண்டியவன் ஒருவன், ஜெயிலுக்குப் போனால் போகிறவனும் ஒருவன்.

சிவசைலம் ஓடையில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தான். கல்லின் முன்னால் ஒரு வெற்றிலையில் சூடத்தை வைத்து ஏற்றினார்கள். அவன் முகத்தில் பயமே இல்லை.

“கல்லை இங்கன கொண்டு வந்தது யாரு? சொல்லு” என்றாள் மூக்கம்மாள்.

“யாரும் கொண்டு வரல. நான் முன்னால வந்தேன். அவரு எம் பொறவால நடந்து வந்தாரு. கண்ணு முழிச்சுப் பார்த்தேன், இங்கன நின்னுக்கிட்டிருந்தாரு. இது சத்தியம்” என்று சொல்லி உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தான்.

தோல் பொசுங்கிய வாடை வந்தது. அவன் பொய் சொல்லவில்லை என்பது எல்லோருக்கும் ஒரே நிமிஷத்தில் விளங்கிவிட்டது. எட்டு வருஷமாக நாங்கள் வேடிக்கைக்குச் சொன்னதை அவன் ஒருவன் நம்பிக்கொண்டிருந்தான்.

மூக்கம்மாள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “இசக்கி அண்ணாச்சி, நீங்க முன்கழி புடிச்சீகளே” என்றாள். இசக்கி என்பதுதான் எங்கள் வீட்டுக்காரர் பெயர். அவள் கூப்பிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

“எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல தாயி” என்றார். “சத்தியம் பண்ணுன எடத்துல மறுத்துப் பேசப்படாது. குடும்பத்துக்கு ஆகாது.”

மற்றவர்களுக்கும் அந்த நியாயம் போதுமாக இருந்தது. சாமிக்குப் பயந்தார்களா ஜெயிலுக்குப் பயந்தார்களா என்று தனித்தனியாகக் கேட்டிருந்தால் சாமிக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கடைசியில் என்னைப் பார்த்தாள். “ஏட்டி, நீ எங்கூடத்தான நின்ன. நீயாவது சொல்லு.”

“நான் பொங்கல் பொங்கிருச்சான்னு பார்த்துக்கிட்டிருந்தேன் மூக்கம்மா” என்றேன். அதுவும் பொய் இல்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கல் தானாக நடந்தது என்று எந்த அதிகாரியும் எழுத முடியாது. ஆகவே, மனிதர் எவரும் கல்லை நகர்த்தியதற்குச் சாட்சியம் இல்லை, கல் ஆதி இடத்திலேயே இருக்கிறது என்று எழுதினார். கூடுதலாக வருகிற பூமியை வேண்டாம் என்று சொன்ன சர்க்கார் எது? மார்கழி முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். காய்ப்பைப் பறித்துக்கொள்ளலாம், மரத்தை வெட்டக் கூடாது. நாறும்பூநாதன் புறப்படும்போது மூக்கம்மாள் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் யாரோடும் சண்டை போடவில்லை. அது நல்லதற்கில்லை என்று நான் அப்போதே வீட்டில் சொன்னேன். தண்ணீர் எடுக்கிற இடத்தில் என்னைக் கண்டால் குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விடுவாள். சிவசைலத்துக்கு மட்டும் வழக்கம்போல ஆவுடைத்தாயிடம் சோறு கொடுத்தனுப்பினாள். கை வெந்தவன் எப்படிச் சமைப்பான் என்றாளாம்.

ஐப்பசி மாதம், ஒரு மழை விட்ட காலை. ஆண்கள் காட்டுக்குப் போகப் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரம். மருதமரப் பக்கத்திலிருந்து மாட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் மூக்கம்மாள் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற இரண்டு எருதையும் பூட்டி, கமலைக் கயிற்றைக் கல்லில் கட்டி இழுத்துக்கொண்டு போகிறாள். கடப்பாரையால் அடிமண்ணைத் தோண்டி எடுத்திருக்கிறாள். நாங்கள் கூப்பிட்டோம், திரும்பவில்லை. தடுக்கப் போன இருவரிடம் கடப்பாரையை ஓங்கினாள். “நட்ட எடத்துல கொண்டு போயி நடுதேன். எங் கையால நடுதேன். வழியை விடுங்க” என்றாள். ஆவுடைத்தாய் பின்னாலேயே அழுதுகொண்டு போனாள்.

நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டால், பின்னாலேயே நடந்தோம். மேளம்தான் இல்லை.

வீடுகளைத் தாண்டிவிட்டாள். தன் தோட்டத்து மேட்டில் ஏறும்போது மழை ஊறிய மண்ணில் எருதுகளின் கால் வழுக்கியது. ஒரு எருது மண்டியிட்டது. அவள் பின்னால் போய்க் கல்லுக்குக் கடப்பாரை முட்டுக் கொடுத்து நெம்பினாள். ஈரத்தில் ஊறிப்போன கயிறு அந்த நேரத்தில்தான் அறுந்தது. கல் சரிந்து அவள் இடது காலில், முழங்காலிலிருந்து பாதம் வரை, படுத்துக்கொண்டது.

அவள் கத்தவில்லை. “எடுங்க” என்று மட்டும் சொன்னாள்.

யாரோ மூங்கில் கழி கொண்டு வந்தார்கள், யாரோ கயிறு கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் முன்கழிக்கு வலது பக்கம் போய் நின்றார். மற்றவர்களும் தானாகவே அவரவர் இடத்துக்குப் போனார்கள். பின்கழியில் இரண்டு பேர், நடுவில் ஆறு பேர், கயிற்றை அடியில் கொடுக்கிறவர்கள் இரண்டு பேர். யார் எந்தப் பிடியில் நிற்பது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளாமல் பதினோரு பேரும் நின்றார்கள். முன்கழியின் இடது பக்கம் மட்டும் காலியாக இருந்தது. ஒருவருக்கும் ஞாபகம் இல்லாத காரியத்தை இவ்வளவு ஒழுங்காகச் செய்து நான் பார்த்ததில்லை.

சிவசைலம் மேட்டின் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். காலியாக இருந்த இடத்தைப் பார்த்தான். அது அவன் அண்ணன் நின்ற இடம் என்று யாரும் சொல்லவில்லை. வந்து தோளைக் கொடுத்தான். கல் எழும்பியது. இரண்டு பெண்கள் மூக்கம்மாளை இழுத்தோம். முழங்காலுக்குக் கீழே என்ன இருந்தது என்பதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

கல்லை ஓரமாக இறக்கிவைத்த பிறகு சிவசைலம் தன் தோளைத் தடவிப் பார்த்தான். எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தான்.

“அண்ணாச்சி, அவரா நடந்து வந்துட்டாருன்னு நீங்கதான சொன்னீங்க.”

“ஒரு சிரிப்புக்குச் சொன்னதுலே அது.”

“நீங்கதான் தூக்குனீங்களா?”

“வேற யாரு தூக்குவா?”

“அப்பம் அன்னைக்கு ஏன் சும்மா நின்னீங்க? நான் சத்தியம் பண்ணும்போது ஏன் சும்மா நின்னீங்க?”

அவன் சத்தம் போட்டுக் கேட்கவில்லை. பால் விலை கேட்கிற மாதிரிதான் கேட்டான். பிறகு மூக்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, “மதினி, எனக்குத் தெரியாது மதினி” என்றான். அவள், “எனக்குத் தெரியும்லே” என்று அவன் வெந்த கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டிலில் வைத்து ஆயிரப்பேரி வரை தூக்கி, அங்கிருந்து வண்டியில் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சிவசைலம் திருநெல்வேலிக்கு நடந்தே போனான். சத்தியம் தப்பு, எழுதினதை மாற்றுங்கள் என்று சர்க்கார் கச்சேரி ஒவ்வொன்றிலும் ஏறிச் சொன்னான். எவர் பேரில் தப்பு, தூக்கினவர்கள் யார் யார் என்று கேட்டிருக்கிறார்கள். அவன் அண்ணன் பெயரை மட்டும் சொன்னான். செத்தவனை விசாரிக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். பதினோரு பேரின் பெயரும் அவன் வாயில் வரவில்லை. இதை எங்கள் வீட்டுக்காரர் அவன் பெரிய மனசு என்பார். நான் அப்படி ஒன்றும் சொல்வதில்லை.

மருதமரத்தடியில் கல் இல்லை என்று காட்டுக் காவலர்கள் எழுதிக்கொண்டார்கள். எல்லைக்கல்லை நகர்த்தியதாக மூக்கம்மாள் பேரில் வழக்குப் பதிவாயிற்று. அந்தக் கல்லை நகர்த்தியதற்காக எழுதப்பட்ட ஒரே பெயர் அவளுடையது. அழைப்பாணை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளுக்குக் காலை எடுத்துவிட்டிருந்தார்கள். இரண்டாம் வாய்தாவுக்கு முன்னால், கார்த்திகையில், புண்ணின் விஷம் மேலே ஏறிச் செத்துப்போனாள். ஊர்ச் சுடுகாடு அப்போது சர்க்கார் காட்டுக்குள் இருந்ததால் தென்காசியிலேயே எரித்தார்கள். மரத்தடியில் சிமெண்டில் ஒரு புதிய கல் கட்டி, நாற்பத்தொன்று என்று கறுப்பு மையில் எழுதினார்கள். பழைய கல் அவள் தோட்டத்து மேட்டிலேயே கிடக்கிறது. அதற்கு எவரும் விளக்கு வைக்கவில்லை. சுற்றிலும் தேக்குக் கன்று.

தை பிறந்ததும் கலைந்தோம். நாலு வீட்டார் சுந்தரபாண்டியபுரத்துக்கே திரும்பிப் போனார்கள். அங்கே இவர்களை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஐந்து வீட்டார் மலை தாண்டி எஸ்டேட்டுக்கு ஏலக்காய் பறிக்கப் போனார்கள். நாங்கள் இலத்தூரில் குத்தகைக்கு இடம் பிடித்தோம். அந்தச் சுரண்டை மாப்பிள்ளை என்ன ஆனான் என்று பலரும் வாய்க்குள்ளேயே கேட்டுக்கொள்வது எனக்குத் தெரியும். அவனுக்கு எங்கள் மகள் வடிவைத்தான் அடுத்த வைகாசியில் கட்டிக்கொடுத்தோம். அவர்களாகக் கேட்டு வந்தார்கள். நல்ல இடம், வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

சிவசைலம் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் ஒரு மரக்கடையில் அறுப்பு வேலைக்குச் சேர்ந்தான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஆவுடைத்தாயை அவன்தான் முன்னால் நின்று, புளியரையில் மனைவியை இழந்த ஒரு வண்டிக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தான். இரண்டு பிள்ளைகளை வளர்க்க வேண்டிய இடம், ஆனாலும் மனுஷன் அடிக்கிறவன் இல்லையாம். யுத்தம் முடிந்த வருஷம் அவர்கள் எல்லோருமாகப் புனலூருக்குக் குடிபோனார்கள்.